மாப்பிள்ளை வராத பந்தல்

சேசு மரி சூசை துணை

கடப்பேரி, மேற்குத் தாம்பரம்
17-1-1993

அன்பு மகள் சரசுவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே நடமாட வேண்டும்.

நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. கல்யாண போட்டோ கேட்டிருந்தோம். உன் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பெரிய சிமெண்டுச் சுவர், மேலே தகரக் கூரை, கீழே ஓரமாக எறும்பு மாதிரி இரண்டு பேர். "இதுல நம்ம பொண்ணு எதுங்க?" என்றாள். "கவுன் போட்டிருக்கிறதுதான் நம்மது" என்றேன். வேறு அடையாளம் எனக்கும் தெரியவில்லை.

பின்பக்கம் எழுதியிருக்கிறாய்: "தர்லஸ் ஸ்டேடியம். டெக்லனுக்கு உயிர்." நான் பந்தல் போட்ட கல்யாணத்தில் குடித்துவிட்டுப் பந்தக்காலைக் கட்டிப்பிடித்து அழுத மாப்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். மோதிரத்தைத் தொலைத்துவிட்டு என் ஆட்கள்மேல் சந்தேகப்பட்ட மாப்பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். தாலி கட்டிய கையோடு பெண்டாட்டியை ஒரு மைதானத்துக்கு அறிமுகம் செய்துவைத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஸ்டேடியம் என்றால் எனக்கு மரியாதை வராது. நான் படித்தது எட்டாவது, அதிலும் கணக்கில் வாத்தியார் பரிதாபப்பட்டுப் போட்ட மார்க்கு. ஆனாலும் சவுக்குக் கட்டையும் கயிறும் கொடுத்தால் பொழுது விடிவதற்குள் கேலரி கட்டி ஊரையே உட்காரவைப்பேன். வாலிபால் போட்டியில் சீஃப் கெஸ்ட் ஏறியதும் ஒரு வரிசை கீழே போனதே, அதை ஞாபகப்படுத்தாதே. கேலரி விழவில்லை, உட்கார்ந்தது. அவர் எடை அப்படி.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குக் கடிதம் எழுதினாய். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிள் கடை ஜெயவேலு கேட்கிறான்: "இன்னா சவுரி, ஊருல கீற பொண்ணுக்கெல்லாம் பந்தல் போட்ட. உன் பொண்ணுக்கு ஒரு கீத்துகூட மறைக்கலியே?" அவன் கடையைத் தாண்டாமல் இரண்டு தெரு சுற்றித்தான் இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

ஒரே ஒரு தடவை இரண்டு பேரும் வந்து நில்லுங்கள். நம் வாசலில் பந்தல் போட்டு ஊரைக் கூப்பிட்டு ஒரு வேளை சோறு போட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

உன் அப்பா
சவுரிமுத்து


8-3-1993

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சரசு எழுதுவது. வார்டில் நைட் டியூட்டி, அதனால்தான் தாமதம். கோபிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை டெக்லனுக்கு ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னேன். சீஃப் கெஸ்ட் கதைக்கு நாற்காலியிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தார்.

அது கிரிக்கெட் ஸ்டேடியம் இல்லை, அப்பா. ஹர்லிங் என்று இவர்களுடைய சொந்த ஆட்டம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஆஷ் என்கிற மரத்தில் செய்த தட்டை மட்டை, கைக்குள் அடங்குகிற தோல் பந்து. குறுக்குக் கம்பத்துக்குக் கீழே அடித்தால் கோல், மேலே அடித்தால் ஒரு பாயிண்ட். அதே மைதானத்தில் வேறு நாளில் கேலிக் ஃபுட்பாலும் ஆடுவார்கள். டெக்லன் எங்கள் பங்கின் கோல்கீப்பர். நம் ஊர் போலத்தான், எந்த மாதா கோயிலின் பங்கில் குடியிருக்கிறோமோ அதுதான் டீம். பிறந்த பங்குக்குத்தான் ஆடுவார்கள். பெரிய டீம் கூப்பிட்டது என்று யாரும் விலைக்குப் போவதில்லை.

பகலில் அவருக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை. சாயங்காலம் பங்கு மைதானத்தில் புல் வெட்டுவார், சுண்ணாம்புக் கோடு போடுவார். சம்பளம் கிடையாது. ஐம்பதாயிரம் பேர் முன்னால் தர்லஸில் ஆடுகிறவனும் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

டிசம்பரில் நிச்சயம் வருகிறோம். வாசலை அலங்கரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சரசு


கடப்பேரி
4-4-1993

அன்பு மகளுக்கு,

டிசம்பரில் வருகிறாய் என்று படித்ததும் உன் அம்மா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் குடோனுக்குப் போய்ச் சவுக்குக் கட்டைகளை உருட்டிப் பார்த்தேன். ஆளுக்கொரு பக்தி.

சம்பளம் இல்லாத விஷயத்தை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஜெயவேலுவிடம் "மாப்பிள்ளைக்கு ஸ்டேடியத்துல உத்தியோகம்" என்று ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டேன். "ஆபீசரா?" என்றான். தலையை எந்தப் பக்கமும் சேராமல் ஆட்டினேன். இப்போது நீ சுண்ணாம்புக் கோடு என்கிறாய். பங்குனி மாசம் நம் தெருவில் மாரியம்மன் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வருகிறவன்கூட டீ வாங்கித் தந்தால்தான் வாளியில் கை வைப்பான்.

ஐம்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்குகிறார்கள், அடிபடுகிறவனுக்கு ஒன்றும் இல்லை. இதைவிட ஏமாளிக் கூட்டத்தை நான் எலெக்‌ஷன் மீட்டிங்கில்தான் பார்த்திருக்கிறேன். அங்கேயாவது பொட்டலம் கொடுப்பார்கள். மட்டையால் ஒருத்தன் மண்டையை ஒருத்தன் பிளப்பதற்கு ஒரு மைதானம், அதைச் சுற்றி ஒரு சுவர், அந்தச் சுவருக்கு ஒரு கூரை! நம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது வந்து பார்க்கச் சொல். டிக்கெட் இல்லாமலே அதெல்லாம் நடக்கும்.

உன் வீட்டுக்காரர் தலைக்கு ஏதாவது போட்டுக்கொள்கிறாரா? கேட்கச் சொன்னது அம்மா. எனக்கென்ன.

அப்பா


12-9-1993

அன்புள்ள அப்பா, அம்மா,

போன ஞாயிறு டப்ளினுக்கு மாவட்ட டீம்களின் ஹர்லிங் ஃபைனல் பார்க்கப் போனோம். குரோக் பார்க் என்று அங்கேதான் எல்லாவற்றிலும் பெரிய ஸ்டேடியம். எதிர் டீம் ஆட்களும் நாங்களும் கலந்துதான் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த கிழவர் எதிர்க் கட்சி. எனக்கு சாண்ட்விச் கொடுத்துவிட்டு எங்கள் ஆட்டக்காரர்களைத் திட்டினார்.

ஒரு பக்கம் மட்டும் நாற்காலி இல்லாத மண்மேடு, அதன்மேல் படி. 1916இல் இங்கிலாந்தை எதிர்த்து நடந்த கலகத்தில் இடிந்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து கொட்டியது என்று சொல்கிறார்கள். டெக்லன் அங்கே நின்றுதான் பார்ப்பார். மற்றொரு பக்கத்துப் பழைய கேலரியை இனி இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டப்போகிறார்களாம்.

டிக்கெட் போட்டாயிற்று, அப்பா. டிசம்பர் பதினைந்து மீனம்பாக்கம். டெக்லன் வேட்டி கட்டப் பழகுகிறார். பெல்ட் போட்டும் நிற்கவில்லை.

சரசு


கடப்பேரி
24-10-1993

அன்பு மகளுக்கு,

இடிந்த வீட்டு ரப்பிஷைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் ஏறி நின்று வேடிக்கை பார்க்கிறார்களா! பல்லாவரத்தில் கல்குவாரி ஓரம் அப்படி எத்தனை மேடு வேண்டும்? ஒருத்தனும் ஏறிக் கைதட்டுவதில்லை, காலைக்கடன் கழிக்கத்தான் போகிறான். ஒரு பக்கம் இடிந்ததைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், மறுபக்கம் நன்றாக இருப்பதை இடிக்கிறார்கள். நான் பந்தலைப் போட்டுப் பிரித்தால் மட்டும் "இது ஒரு பொழப்பா" என்பார்கள்.

இங்கே ஏற்பாடு நடக்கிறது. படப்பையில் கீற்றுக்குச் சொல்லிவிட்டேன். வாசலிலிருந்து தெருமுனைக் குழாய்வரை பந்தல். நடுவில் வெள்ளைத் துணி மடிப்பு வைத்துத் தாமரைப் பூ. யார் வீட்டுக்கும் நான் அந்தத் தாமரையைப் போட்டதில்லை. நேரம் பிடிக்கும், கழுத்து போய்விடும். உனக்காகப் போடுகிறேன்.

பங்குச் சாமியார் ஜெபிக்க வருகிறார். ஜெயவேலு இலை போடுகிறேன் என்கிறான். "உன் ஆபீசர் கையால சாப்புடுவாரா, ஸ்பூன் குடுக்கணுமா?" என்று கேட்டான். ஸ்பூனும் வாங்கி வைத்தேன்.

அப்பா


30-11-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

டிசம்பரில் வர முடியாது என்று நேற்று போனில் சொன்னதுமே பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. நீங்கள் எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரை வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பங்கு மாகாணப் போட்டியில் ஜெயித்துவிட்டது. இவர்கள் அப்பா, தாத்தா காலத்தில்கூட இது நடந்ததில்லை. அடுத்த ஆட்டம் பிப்ரவரியில். அதுவரை வாரம் மூன்று நாள் பயிற்சி. கோல்கீப்பருக்கு மாற்று ஆள் இருக்கிறான், ஆனால் பையன் சின்னவன். டெக்லன் நம் ஊருக்கு வருகிறேன் என்றுதான் சொன்னார். வேண்டாம் என்று சொன்னது நான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என்னைத் தனியாக வரச் சொல்லாதீர்கள். தனியாக வந்து அந்தப் பந்தலில் எப்படி நிற்பேன்?

மன்னியுங்கள்.

சரசு


கடப்பேரி
19-12-1993

சரசுவுக்கு,

அவசரப்பட்டு முன்னாலேயே ஆரம்பித்ததில், நீ போன் செய்த அன்றே பந்தல் பாதி ஏறியாயிற்று. பிரிக்கவா என்று கேட்டு ஆட்கள் நின்றார்கள். முழுசாகப் போடுங்கள் என்றேன். தாமரையும் போட்டேன். கழுத்து இன்னும் திரும்பவில்லை.

பக்கத்துத் தெரு கிளியம்மாள் வந்தாள். "அண்ணா, பந்தல் சும்மாதானே கீது, பேத்திக்குக் காது குத்து வச்சிக்கட்டுமா?" என்றாள். வைத்துக்கொள் என்றேன். அவள் ஜனமெல்லாம் வந்து என் தாமரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டது. எனக்கும் இலை போட்டார்கள். என் வீட்டு வாசலில், என் பந்தலில், நான் விருந்தாளி. "பாயசம் இன்னும் ஊத்திக்கோ சவுரி" என்று ஜெயவேலு உபசரித்தான். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இத்தனை நாள் வேடிக்கையாக எழுதினேன். இப்போது இல்லை. பாலைக் குளிரவைத்து, புல்லைச் செதுக்கி, சம்பளமில்லாத கட்டைக்கு முன்னால் காவல் நிற்கிற ஆள் ஒரு ஆளா? பெண்டாட்டியின் அப்பன் ஒரு வேளை சோறு போடக் கூப்பிடுகிறான், இவன் பந்து வரும் என்று பயந்து அங்கேயே நிற்கிறான். அவனை அந்தப் புல்லிலேயே விட்டுவிட்டு நீ கிளம்பி வா. வேறு நல்ல இடம் நான் பார்க்கிறேன். கல்யாணத்தை முறிக்கச் சாமியாரிடம் கேட்க வேண்டியதை நான் கேட்டுக்கொள்கிறேன்.

சவுரிமுத்து


கடப்பேரி
6-3-1994

அன்பு மகள் சரசுவுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவுக்குச் சளி, இப்போது பரவாயில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. வண்டலூர் ஜூவுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போட்டோம். இரவெல்லாம் சிங்கம் கத்தியது. மாப்பிள்ளை பயந்துபோய் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

இது உனக்குச் சிரிப்பு வரும் என்று எழுதினேன்.

தபால்காரர் தட்சிணாமூர்த்தி முன்பெல்லாம் மணி அடிப்பார். இப்போது நம் வீட்டைத் தாண்டும்போது மிதியை வேகமாக மிதிக்கிறார். ஆளைப் பார்க்காமலே போய்விடுகிறார்.

அந்த பிப்ரவரி ஆட்டம் என்னவாயிற்று? சும்மாதான் கேட்டேன்.

அப்பா


22-5-1994

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஒவ்வொன்றையும் அவருக்கு உரக்க வாசித்துக் காட்டுவேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எவ்வளவு மட்டமாக எழுதினாலும் சிரிப்பார். மைதானத்தில் போய் அதையே சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பார். ரயில்வே கேட்டையும் ரப்பிஷ் மேட்டையும் அந்த உடைமாற்றும் அறையில் எல்லாரும் அறிவார்கள். முகம் பார்க்காத உங்களுக்கு இந்தப் பங்கில் முப்பது சிநேகிதர்கள் இருந்தார்கள்.

டிசம்பர் கடிதம் வந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் வாசிக்கவில்லை. அப்பாவுக்குக் கையில் அடி, நாலு வரிதான் எழுதியிருக்கிறார் என்றேன். கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. உடனே எழுந்து போய், ஆட்டக்காரர்கள் தேய்த்துக்கொள்ளும் தைலத்தை இரண்டு பாட்டில் பார்சல் கட்டினார். அதை அனுப்பவும் மனம் வராமல், தூக்கி எறியவும் மனம் வராமல் வைத்திருந்தேன். இப்போது அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரியில் தோற்றுவிட்டோம். அவர் கைக்கு வந்த பந்து ஒன்று நழுவியது. ஒரு வாரம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. அப்புறம் போய்ப் புல் வெட்டினார்.

சம்பளம் வாங்காதவன் ஆள் இல்லை என்கிறீர்கள். பெரிய வெள்ளிக்குக் கோயில் வாசலில் வருஷா வருஷம் நீங்கள் பந்தல் போடுகிறீர்களே, யார் உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்? யாராவது உங்களை ஏமாளி என்று சொன்னால் நான் விட்டுவிடுவேனா?

எனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. அக்டோபரில். இந்தப் பங்கில் பிறக்கும், இந்தப் பங்குக்குத்தான் ஆடும். அதை நீங்களும் மாற்ற முடியாது, நானும் மாற்ற முடியாது.

அடுத்து நீங்கள் எழுதுவதை அவர் முன்னால்தான் பிரிப்பேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பேன். அப்படி வாசிக்க முடியாத கடிதம் என்றால் எழுத வேண்டாம்.

சரசு


சேசு மரி சூசை துணை

கடப்பேரி
19-6-1994

அன்பு மகள் சரசுவுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கும் அப்பா எழுதுவது.

உன் கடிதத்தில் அக்டோபர் சமாச்சாரத்தைப் படித்ததும் உன் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், எதிர்வீட்டுக்கு ஓடினாள், கடைசியாகத்தான் எனக்குச் சொன்னாள். கடிதத்தைப் படித்துக் காட்டியதே நான்தான்.

கை இப்போது தேவலை. மாப்பிள்ளை அனுப்பிய தைலம்தான் காரணம். ராத்திரி தேய்த்துப் படுத்தேன், கை வலி போனது, தூக்கமும் போனது. அப்படி ஒரு எரிச்சல். காலையில் ஜெயவேலு மோந்து பார்த்துவிட்டு, "இன்னா சவுரி, டர்பன்டைன்ல குளிச்சியா?" என்றான். "ஸ்டேடியத்துலேர்ந்து என் மாப்பிள்ளை அனுப்பினது" என்றேன். "எனக்கும் கொஞ்சம் ஊத்து, முட்டி வலிக்குது" என்றான். இன்னொரு பாட்டிலை அவனிடம் கொடுத்தேன். இப்போது தெருவில் நாலு பேர் அந்த நாற்றத்தில்தான் நடமாடுகிறோம்.

மாப்பிள்ளைக்கு ஒன்று சொல். உங்கள் ஆட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. கட்டையை வைத்துக்கொண்டு கூட்டத்தில் சுழற்றுவது மகா மட்டமான யோசனை. குச்சி ஐஸ் கடைக்கு இருக்கிற வரைமுறைகூட அதற்கு இல்லை. அந்த தர்லஸ் ஸ்டேடியத்தை எனக்குக் காட்டலாம், நான் பார்ப்பேன், கைதட்ட மாட்டேன். கூரைத் தகரம் போட்டவன் யார் என்று மட்டும் கேட்பேன். போட்டோவில் பார்த்தவரை தண்ணீர் வடிகிற வாட்டம் சரியில்லை.

எப்படிப் பார்ப்பேன் என்று கேட்பாய். எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாயிற்று. அதில் நான் திருடன் மாதிரி இருக்கிறேன், அம்மா திருடனைப் பிடித்தவள் மாதிரி இருக்கிறாள். ஏஜென்ட் நவம்பருக்குள் ஆகிவிடும் என்கிறான். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தை அதுவரை தள்ளிவைக்க முடியுமா என்று உங்கள் சாமியாரைக் கேள். முடியாது என்றால் அவரையும் ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவை.

உங்கள் வாசலில் நான் பந்தல் போடப்போகிறேன். துணியும் கயிறும் நான் கொண்டுவருகிறேன். சவுக்குக் கட்டையை ஏரோப்ளேனில் ஏற்ற மாட்டானாம், கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த ஆஷ் மரம் எப்படி, ஆணி அடித்தால் பிளக்குமா? கை பருமனில் நேரான கட்டை பன்னிரண்டு வேண்டும். மழை அங்கே எந்தப் பக்கமிருந்து அடிக்கும், காற்று எப்படி, எல்லாம் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். வெளியே வேலை செய்கிறவர்தானே.

வாசல் அகலத்தை அளந்து எழுது. அடிக்கணக்கில் எழுது, மீட்டர் வேண்டாம். நாடாவின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிக்கட்டும். நீ இப்போது குனியக் கூடாது.

மாமனார்
சவுரிமுத்து